‘த’ போடுவதா, சும்மா விடுவதா?

ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ‘த’ (the) போடுவதா, ஒன்றும் போடாமல் விடுவதா? ‘எ’, ‘த’ போல முன்னால் வரும் சொற்கள் ஆர்ட்டிகிள்; ஒன்றும் போடாததற்கும் இலக்கணக்காரர்கள் ஸீரோ ஆர்ட்டிகிள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் ஆர்ட்டிகிளே கிடையாது, அதனால்தான் நாம் தடுமாறுகிறோம் என்பார்கள். இதில் எனக்குப் பாதி சம்மதம்தான். ‘த’ செய்கிற வேலையில் ஒரு பங்கை நம் இரண்டாம் வேற்றுமை ‘ஐ’ செய்துகொண்டுதான் இருக்கிறது.

‘தண்ணீர் குடித்தான்’ என்றால் ஏதோ தண்ணீர். ‘தண்ணீரைக் குடித்தான்’ என்றால் எந்தத் தண்ணீர் என்று கேட்பவருக்கும் தெரியும். செம்பில் எடுத்து வைத்தது போயிற்று. ‘ஹி டிராங்க் வாட்டர்’, ‘ஹி டிராங்க் த வாட்டர்’ இரண்டுக்கும் உள்ள வித்தியாசமும் இதேதான்.

இன்னும் நுட்பமான ஜோடி ஒன்று உண்டு. ‘பெண் பார்க்கப் போனார்கள்’ என்றால் கல்யாணப் பேச்சு. ‘பெண்ணைப் பார்க்கப் போனார்கள்’ என்றால் ஹாஸ்டலில் படிக்கும் மகளைப் பார்க்கவும் போயிருக்கலாம். ‘ஐ’ உருபு உதிர்ந்ததும் ஆள் மறைந்து வழக்கம் முன்னால் வந்துவிடுகிறது. ‘கோ டு ஸ்கூல்’ இந்த வகை: படிக்கப் போவது. ‘கோ டு த ஸ்கூல்’ என்றால் அந்தக் கட்டடத்துக்குப் போவது, ஃபீஸ் கட்டவோ ஓட்டுப் போடவோ. கைதி ‘இன் பிரிஸன்’. அவரைப் பார்க்க வந்த வக்கீல் ‘இன் த பிரிஸன்’.

ஆனால் எல்லா இடத்துக்கும் இந்தச் சலுகை இல்லை. ‘ஐயாம் கோயிங் டு ஆஃபீஸ்’ என்று இந்தியாவில் எல்லோரும் சொல்கிறோம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அங்கே ‘த’ வேண்டும். ‘இன் ஆஃபீஸ்’ என்று வெறுமனே சொன்னால் பதவியில் இருப்பதாக அர்த்தம். மந்திரிகளுக்குப் பொருந்தும், குமாஸ்தாவுக்கு இல்லை. ஆஸ்பத்திரி விஷயத்தில் அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. நோயாளியாகப் படுத்திருந்தால் பிரிட்டிஷ்காரருக்கு ‘இன் ஹாஸ்பிடல்’, அமெரிக்கருக்கு அப்போதும் ‘இன் த ஹாஸ்பிடல்’.

எதைப் போடுவது என்று தெரியாத நேரத்தில், பொதுவாகப் பேசுகிற வாக்கியமாக இருந்தால் நான் ஸீரோ பக்கம்தான். ‘லைஃப் இஸ் ஷார்ட்’ என்பதை ‘த லைஃப் இஸ் ஷார்ட்’ ஆக்கினால், யாருடைய வாழ்க்கை என்ற கேள்வி எழும். ‘டாக்ஸ் பார்க்’ என்றால் நாய் ஜாதியே குரைக்கும். ‘த டாக்ஸ் பார்க்’ என்றால் நமக்குத் தெரிந்த சில நாய்கள். வேண்டிய இடத்தில் ‘த’ விட்டுப்போனால் பெரும்பாலும் பேப்பர் தலைப்பு மாதிரி ஒலிக்கும், அவ்வளவுதான். வேண்டாத இடத்தில் போட்டால் பொருளே மாறிவிடும்.

தமிழில் ‘ஐ’ வந்தால் ஆங்கிலத்தில் ‘த’ என்கிற சோதனை வாத்தியங்களில் பலிக்காது. நாம் ‘வீணை வாசிக்கிறாள்’ என்கிறோம். பாடப்புத்தக ஆங்கிலத்தில் ‘ப்ளேஸ் த வீணா’. கிரிக்கெட்டுக்கு இரண்டு மொழியிலும் ஒன்றும் வேண்டாம்.

இடப் பெயர்களில் சோதனை முழுசாகக் கைவிடும். ஆறு, கடல், மலைத்தொடர், தீவுக்கூட்டம் என்றால் ‘த’: த காவேரி, த நீலகிரிஸ், த மால்டீவ்ஸ். தனிச் சிகரம், தனித் தீவு, கண்டம் என்றால் ஸீரோ: எவரெஸ்ட், ஸ்ரீலங்கா, ஏஷியா. நாடுகளுக்கும் பெரும்பாலும் ஸீரோதான். நெதர்லாண்ட்ஸ், பிலிப்பைன்ஸ் போன்ற பன்மைப் பெயர்களும், யுனைடெட் ஸ்டேட்ஸ் போல அமைப்பைச் சொல்லும் பெயர்களும் விலக்கு.

இதில் அரசியலும் உண்டு. ‘த உக்ரைன்’ என்று முன்பு சர்வசாதாரணமாக எழுதினார்கள். 1991-ல் அது தனி நாடான பிறகு, ‘த’ போட்டால் இன்னொரு நாட்டின் ஒரு பகுதி போலத் தொனிக்கிறது என்று உக்ரைனியர்கள் ஆட்சேபித்தார்கள்; இன்று வெறும் ‘உக்ரைன்’தான் முறை. ஆற்றின் பெயரையே கொண்ட ஆப்பிரிக்க நாடான காம்பியாவோ ‘த’வை அதிகாரபூர்வப் பெயரிலேயே வைத்துக்கொண்டிருக்கிறது.