9 ஆண்டுகள் புளூஜேயோடு: பினாங்கு வகுப்பறையிலிருந்து

பினாங்கில் ஒரு தனியார் கல்லூரியில், டிப்ளோமா இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு ஜாவா மொழியில் ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங் (தரவையும் அதன் செயல்களையும் ஆப்ஜெக்ட்களாகச் சேர்த்து எழுதும் முறை) மேல்நிலைப் பாடம் எடுக்கிறேன். 9 ஆண்டுகளாக அதற்குப் புளூஜே என்ற ஜாவா எழுதும் மென்பொருள்தான் என் கருவி. "அது ஆரம்பப் பாடத்துக்குத்தானே?" என்று சக விரிவுரையாளர்கள் கேட்பதுண்டு. மேல்நிலைப் பாடத்தில்தான் எனக்கு அது அதிகம் கைகொடுத்திருக்கிறது.

புளூஜே, 1999-இல் மைக்கேல் கோலிங்கும் உடனிருந்தவர்களும் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் கற்பித்தலுக்கென்றே தொடங்கியது. இலவசம். கிளாஸ்கள், அதாவது ஆப்ஜெக்ட்களை வார்க்கும் அச்சுகள், திரையில் பெட்டிகளாக நிற்கும். பெட்டியில் ரைட் கிளிக் செய்து ஆப்ஜெக்ட் உருவாக்கினால், கீழே ஆப்ஜெக்ட் பெஞ்சில் சிவப்புக் கட்டமாக வந்து உட்காரும். புரோகிராம் தொடங்கும் இடமான மெயின் மெத்தட் எழுத வேண்டியதில்லை. அந்தச் சிவப்புக் கட்டத்தை டபுள் கிளிக் செய்தால் இன்ஸ்பெக்டர் சன்னல் திறக்கும். ஆப்ஜெக்ட் தனக்குள் மறைத்து வைக்கும் மதிப்புகள் (பிரைவேட் ஃபீல்டு) வரை எல்லாம் தெரியும். இந்தச் சன்னலுக்காகத்தான் இதை நான் விடவில்லை.

ஒவ்வொரு செமஸ்டரும் நான் கொடுக்கும் பயிற்சி, மாமாக் கடையில் (இங்குள்ள இந்திய முஸ்லிம் உணவுக்கடை) தண்ணி, அதாவது டீ, காப்பி போன்ற பானங்களுக்கு ஆர்டர் எடுப்பது. தே என்றால் இனிப்புக் கெட்டிப்பால் போட்டது, தே ஓ பாலில்லாதது, தே சி இனிப்பில்லாத டின் பால் ஊற்றியது. அப்புறம் ஆயிஸ் (ஐஸ் போட்டது), கூராங் மானிஸ் (சர்க்கரை குறைவு), கோசோங் (சர்க்கரையே இல்லாதது). மாணவர்கள் முதலில் இன்ஹெரிட்டன்ஸில்தான், அதாவது ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்றை வாரிசாக எடுப்பதில்தான், இறங்குவார்கள். தே, கோப்பி என்று 2 பானம், பாலில் 3 வகை, சர்க்கரையில் 3 அளவு, சூடு அல்லது ஆயிஸ்: ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒன்றாக 36 கிளாஸ். நான் தடுப்பதில்லை. பன்னிரண்டு பதின்மூன்று பெட்டிகளிலேயே திரை நிரம்பிவிடும். "சரி, மிலோவும் சேருங்கள்" என்பேன். 54 ஆகிறது. வேறு வழி இருக்கிறதா என்று அவர்களே கேட்பார்கள்.

அப்போது டெக்கரேட்டர் வருகிறது: ஓர் ஆப்ஜெக்டை இன்னொன்று மேலே சுற்றிக்கொண்டு கூடுதல் சேர்க்கும் முறை. வெறும் தே ஓ ஒரு ஆப்ஜெக்ட். அதை டின்பால் ஆப்ஜெக்ட் சுற்றிக்கொள்கிறது, அதை ஆயிஸ் சுற்றிக்கொள்கிறது. ஆயிஸை இன்ஸ்பெக்ட் செய்தால் 'உள்ளே' என்ற ஒரே ஃபீல்டு, அதில் ஓர் அம்பு. அம்பைத் திறந்தால் டின்பால், அதற்குள் இன்னோர் அம்பு, கடைசியில் தே ஓ. மூன்று சன்னல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு விலையைச் சொல்லும் மெத்தடை (ஆப்ஜெக்ட் செய்யும் செயலை) அழைக்கிறோம். ஆயிஸ் டின்பாலைக் கேட்கிறது, டின்பால் தே ஓவைக் கேட்கிறது, 1.50 திரும்பி வந்து 1.80 ஆகி 2.10 ரிங்கிட் ஆகிறது. ஒரு பையன் திரையில் விரலை வைத்து அந்தப் பாதையைப் போய்த் திரும்பிக் காட்டினான். ஸ்லைடு போட்டு நடத்திய ஆண்டுகளில் நான் அதைப் பார்த்ததில்லை.

சில செமஸ்டருக்கு முன், அப்பா தண்ணிக் கடை வைத்திருக்கும் ஒரு மாணவி கேட்டாள்: "மிஸ், கோசோங்ல நாம எதையும் சேர்க்கலையே, எடுக்கத்தானே செய்றோம்? அதை எப்படி மேல சுத்துறது?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. செய்தே பார்த்தோம். கோசோங் கிளாஸ் தே ஓவைச் சுற்றிக்கொண்டு, சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால் 0 என்கிறது. இன்ஸ்பெக்டரில் உள்ளே போனால் தே ஓவில் சர்க்கரை 2 கரண்டி அப்படியே இருக்கிறது. வெளியில் ஒரு கணக்கு, உள்ளே ஒரு கணக்கு. வகுப்பு முழுக்க அதைக் கண்ணால் பார்த்தது. கடையில் தண்ணி கலக்குகிறவர் கலந்த பிறகு சர்க்கரையை எடுப்பதில்லை, ஆர்டரை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் கலக்குகிறார். அப்படியே பில்டருக்கு, அதாவது விவரங்களை எல்லாம் சேர்த்துக்கொண்ட பிறகே ஆப்ஜெக்டைக் கட்டும் முறைக்கு, போனோம்.

இனி குறைகள். கிளாஸை மறுபடி கம்பைல் செய்தால் (ஓடும் வடிவுக்கு மாற்றினால்) பெஞ்சில் இருந்த ஆப்ஜெக்ட்கள் போய்விடும். அவற்றை டெஸ்ட் ஃபிக்ஸ்சராக (சோதனைக்கான தொடக்க நிலையாக) சேமித்து வைக்கும் வசதியை முதல் வாரத்திலேயே காட்டிவிடுங்கள். 2014-இல் ஜாவா 8-இல் வந்த லாம்டாவுக்கு (பெயரில்லாத சிறு ஃபங்ஷன்) வரைபடத்தில் பெட்டி கிடையாது. அதனால் ஸ்ட்ராட்டஜியை (ஒரு வேலையைச் செய்யும் வழியைத் தனியே பிரித்து மாற்றிப் போடும் முறை) முதலில் கிளாஸாக எழுத வைத்து, அது புரிந்த பிறகே லாம்டாவாக மாற்றச் சொல்கிறேன். கிளாஸ்கள் முப்பது நாற்பதைத் தாண்டினால் அம்புகள் பின்னிக்கொண்டு படம் பயனற்றுப் போகும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஆரம்ப ஆண்டுகளில் 14 வாரமும் புளூஜேயிலேயே ஓட்டினேன். அந்த மாணவர்கள் பினாங்கின் தொழிற்பேட்டையான பாயான் லெப்பாஸ் பக்கம் பயிற்சிக்குப் போனபோது மேவன், கிரேடில் (புரோகிராமைக் கட்டித் தரும் கருவிகள்), ரீஃபாக்டரிங் (ஓடும் விதம் மாறாமல் கோடைச் சீரமைப்பது) எதுவும் கைக்குப் பழகாமல் திண்டாடினார்கள். அது என் தவறு. இப்போது 8-ஆம் வாரத்தில் அதே தண்ணிக் கடைத் திட்டத்தை, நிறுவனங்களில் பயன்படுத்தும் இன்டெல்லிஜே மென்பொருளில் திறந்து, அதே ஜேயூனிட் (ஜாவா கோடைச் சோதிக்கும் கருவி) சோதனைகளோடு தொடர்கிறோம். கோசோங் பாடத்தை மட்டும் அதற்கு முன்பே முடித்துவிடுவேன். அதற்கு அந்தச் சன்னல்கள் வேண்டும்.