தானியப் பெட்டி தந்த விண்வெளி மோதிரங்கள்: பல வருடம் போட்டுப் பார்த்ததில்

அமெரிக்காவில் 1940கள், 50களில் காலைத் தானியப் பெட்டியின் மூடியை வெட்டி, கூடவே சில்லறை வைத்துத் தபாலில் அனுப்பினால் பொம்மை வீடு தேடி வரும். அவற்றைப் பல வருடமாகச் சேர்க்கிறேன். கண்ணாடி அலமாரியில் பூட்டி வைப்பதில்லை. நானும் போடுவேன், வீட்டுக்கு வரும் பிள்ளைகளிடமும் கொடுப்பேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, விண்வெளி மோகத்துக்குச் சற்று முந்தைய ஒன்று. 1947ல் ஜெனரல் மில்ஸ் தன் கிக்ஸ் தானியத்துக்காக 15 சென்ட்டுக்குக் கொடுத்த அணுகுண்டு மோதிரம். வெள்ளி நிறக் குண்டு, பின்னால் சிவப்பு பிளாஸ்டிக் வால். வாலைக் கழற்றினால் உள்ளே குட்டி லென்ஸ். இருட்டில் கண் பழகியதும் அதன் வழியே பார்த்தால் ஒளிப்பொறிகள் தெறிக்குமாம். நிஜமாகவே உள்ளே துளியூண்டு பொலோனியம்-210 என்ற கதிரியக்கப் பொருளை வைத்திருந்தார்கள். அதிலிருந்து கிளம்பும் ஆல்ஃபா துகள் துத்தநாக சல்பைடு திரையில் மோதும்போதெல்லாம் ஒரு பொறி. 1903ல் ஆங்கிலேய விஞ்ஞானி வில்லியம் க்ரூக்ஸ் உருவாக்கிய ஸ்பிந்தாரிஸ்கோப்பேதான் இது! அணு சிதைவதைக் கண்ணால் பார்க்கிற கருவியைக் குழந்தைகள் விரலில் மாட்டிவிட்டார்கள் என்று நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது.

சரி, இப்போது ஏதாவது தெரியுமா? தெரியாது. பொலோனியம்-210ன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்து போக ஆகும் காலம், 138 நாள்தான். ஒரே வருடத்தில் ஆறில் ஒரு பங்காகக் குறைந்து, எப்போதோ காரீயமாகிவிட்டது. "இன்னும் பொறி தெரிகிறது" என்று ஒரு வியாபாரி என்னிடம் கூடுதல் விலை கேட்டார். யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கதிர்வீச்சு பயமும் வேண்டாம். வாலில் ரகசியச் சீட்டு ஒளிக்க இடம் உண்டு. பிள்ளைகளுக்கு அது போதும். ஆனால் விரலுக்கேற்ப வளையத்தை அடிக்கடி நெருக்கி விரித்தால் முறிந்துவிடும், கவனம்.

இன்றும் வேலை செய்வது வேண்டுமென்றால் ரால்ஸ்டன் என்ற தானிய நிறுவனத்தின் ஹைட்ரஜன் ரே கன் மோதிரம். 1950களின் 'ஸ்பேஸ் பேட்ரோல்' தொலைக்காட்சித் தொடருக்காக வந்தது. இருட்டில் ஒளிரும். இதற்கு எரிபொருள் எதுவும் தேவையில்லை. வெளிச்சத்தை வாங்கி மெல்ல விடுகிற பூச்சு. செல்போன் டார்ச்சைக் கொஞ்ச நேரம் காட்டிவிட்டு விளக்கை அணைத்தால் மங்கலாக மினுக்கும், சில நிமிடத்தில் தணியும், மறுபடி காட்டினால் மறுபடி மினுக்கும்.

தாங்கும் சக்தியில் முதலிடம் மோதிரங்களுக்கு இல்லை. 1960களின் கடைசியில் ஆஸ்திரேலியாவில் கெல்லாக்ஸ் பெட்டிக்குள்ளேயே வந்த 'க்ரேட்டர் க்ரிட்டர்ஸ்' வேற்றுக்கிரக ஜந்துக்களுக்குத்தான். மெல்போர்னின் ஆர் அண்ட் எல் என்ற நிறுவனம் செய்தது. கழன்று விழ எதுவுமில்லாத குட்டி பிளாஸ்டிக் உருவங்கள், என்னிடமுள்ளவை எத்தனை முறை விழுந்தும் உடையவில்லை.

கிக்ஸ் மோதிரம் வாங்கப் போகிறவர்கள் வால் இருக்கிறதா, லென்ஸ் கீறாமல் இருக்கிறதா என்று படம் கேட்டு வாங்குங்கள். வால் இல்லாததைக் குறைந்த விலைக்குக்கூட வாங்க மாட்டேன்.