முட்டி வலிக்கு இயன்முறை சிகிச்சை: 14 மாத அனுபவம்

பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் வாரம் நான்கு நாள் ஓடிக்கொண்டிருந்த எனக்கு, 21 கி.மீ. ஓட்டத்துக்காகத் தூரத்தை அவசரமாகக் கூட்டிய மூன்றாம் வாரத்தில் வலது முட்டிச்சில்லைச் சுற்றி வலி தொடங்கியது. சமதரையில் நடக்கும்போது ஒன்றும் தெரியாது. மாடிப்படி இறங்கும்போதும், திரையரங்கில் நெடுநேரம் முட்டியை மடக்கி உட்கார்ந்து எழும்போதும் உயிர் போகும்.

முதலில் சென்ற இடத்தில் பத்து அமர்வுகளுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, மின்தூண்டல் கருவியைக் காலில் பொருத்திவிட்டுப் போய்விடுவார்கள். மாலை வரை இதமாக இருக்கும். மறுநாள் படியில் அதே வலி. செலவான பணத்தைவிட, வீணான ஐந்து வாரங்களே எனக்குப் பெரிய வருத்தம்.

அடுத்துப் பார்த்த இயன்முறை மருத்துவர், என்னை ஒரு படியின்மேல் வலது காலில் மட்டும் நிற்கவைத்து, இடது குதிகால் தரையைத் தொடும்வரை மெதுவாக இறங்கச் சொன்னார். எதிரிலிருந்த கண்ணாடியில், வலது முட்டி உள்நோக்கிச் சாய்வதையும் இடுப்பு ஒருபுறம் சரிவதையும் நானே கண்டேன். வீக்கமோ, முட்டி பூட்டிக்கொள்வதோ இல்லாததால் ஸ்கேன் இப்போதைக்கு வேண்டாம் என்றார்.

கொடுத்த பயிற்சிகள் நான்குதான்: ரப்பர் பட்டையை மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் நடப்பது, ஒருக்களித்துப் படுத்துக் காலை உயர்த்துவது, சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலிபோல் 45 விநாடி அமர்வது, அதே படியிறக்கம். சலிப்பூட்டுபவை, முதல் ஆறு வாரம் பலனும் தெரியவில்லை. ஓட்டத்தை அடியோடு நிறுத்தச் சொல்லாமல், வலி பத்துக்கு மூன்றைத் தாண்டாமலும் மறுநாள் காலையில் கூடாமலும் இருக்கும் தூரம் வரை ஓடலாம் என்று அவர் வகுத்த விதிதான் என்னைச் சோர்ந்துவிடாமல் காத்தது. முட்டியில் ஒட்டிய டேப் சில நாள் உதவியது, அவ்வளவே.

எனக்குப் புதிதாக இருந்தது ஓடும்போது வைக்கும் காலடிகளின் கணக்கு. நிமிடத்துக்கு 158 ஆக இருந்ததை 168 ஆக்கச் சொன்னார். வேகம் கூடாமல் காலடியின் நீளம் மட்டும் குறுகும்போது பாதம் உடலுக்கு அருகிலேயே ஊன்றுவதால் முட்டிச்சில்லின்மேல் சுமை குறைகிறதாம். இரண்டு வாரம் கெண்டைக்கால் வலித்தது, பிறகு பழகிவிட்டது.

எட்டாம் வாரத்தில் படியிறங்குவது எளிதானது. ஐந்தாம் மாதத்தில் 10 கி.மீ. வலியின்றி ஓடினேன். குணமாகிவிட்டது என்று ஒன்பதாம் மாதத்தில் பயிற்சியைக் கைவிட்டேன், ஆறே வாரத்தில் வலி திரும்பியது. இப்போது வாரம் இரு நாள், பல் துலக்கியதும் முதல் வேலை அந்த ரப்பர் பட்டைதான். பாலத்திலிருந்து இறங்கி ஓடும்போது மட்டும் முட்டி இன்னும் லேசாக முனகுகிறது.