பச்சையாகும் இரண்டு பாசிகள்: பெருங்குடல் புற்றுத் தடுப்பில் எந்த நிறமிக்கு எவ்வளவு மதிப்பு?

வகாமே என்ற ஜப்பானியக் கடற்பாசியின் புதிதாக அறுத்த இலை பழுப்பாக இருக்கும். கொதிநீரில் போட்டால் சில நொடியில் பளிச்சென்று பச்சையாகிவிடும். சுஷி சுற்றும் கடற்பாசியான நோரித் தாளைத் தணலில் வாட்டினாலும் கருஞ்சிவப்பு மறைந்து பச்சை தெரியும். பார்வைக்கு இரண்டும் ஒரே மாற்றம்தான், உள்ளே நடப்பது வேறு. வகாமேயில் ஃபியூகோசாந்தின் என்ற நிறமி புரதத்தோடு ஒட்டியிருக்கும்வரை பழுப்பாகத் தெரியும். சூட்டில் புரதம் குலைந்ததும் நிறமி விடுபட்டு மஞ்சள் கலந்த ஆரஞ்சுக்கு மாறுகிறது, பச்சையம் மேலே தெரிகிறது. நிறமி பெரும்பாலும் இலையிலேயே இருக்கிறது. நோரியின் சிவப்பான ஃபைக்கோஎரித்ரினோ தானே ஒரு புரதம். சூடு பட்டால் அது குலைந்து நிறமிழக்கிறது.

பாசி நிறமிகள் பெருங்குடல் புற்றைத் தடுக்கும் என்கிறார்கள். அவற்றில் எது பெருங்குடல் வரை போய்ச் சேரும் என்பதற்கு இதுவே முதல் துப்பு.

சிவப்பு, நீல நிறமிகளை முதலில் ஒதுக்கிவிடலாம். நோரியின் ஃபைக்கோஎரித்ரின், சுருள்பாசியின் ஃபைக்கோசயனின் இரண்டும் புரத நிறமிகள். (ஸ்பைருலினா எனப்படும் சுருள்பாசி கடற்பாசியே இல்லை, ஆனால் அதே அலமாரியில்தான் விற்கிறார்கள்.) ஃபைக்கோசயனின் 45 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும். சுருள்பாசிப் பொடியைக் குளிர்ந்த நீரில் இரவு முழுக்க ஊறவைத்தால் நீலம் இறங்கும். அந்த நீரைக் கொதிக்கவிட்டால் நீலம் போய்விடும். சூட்டுக்குத் தப்பினாலும் இரைப்பையில் புரதத்தை உடைக்கும் பெப்சின் என்ற நொதி விடாது. பெருங்குடலுக்குப் போவது துண்டுகள்தான். ஆய்வகத்தில் ஃபைக்கோஎரித்ரினைக் குடல் புற்று செல்களில் ஏற்றி, ஒளி பாய்ச்சிக் கொன்று காட்டியிருக்கிறார்கள். வயிற்றுக்குள் வெளிச்சத்துக்கு எங்கே போவது?

ஃபியூகோசாந்தின்தான் இதில் வலுவான போட்டியாளர். வகாமே, கோம்பு, மன்னார் வளைகுடாவில் கட்டக்கோரை என்று அழைக்கப்படும் சர்காசம் ஆகிய பழுப்புப் பாசிகளில் இருக்கிறது. குடலில் செரிமான நொதிகள் இதை ஃபியூகோசாந்தினாலாக மாற்றுகின்றன. 2005இல் வந்த ஓர் ஆய்வில், 25 மைக்ரோமோலார் அளவில் மனிதப் பெருங்குடல் புற்று செல்களின் பிரிதல் சுழற்சியைத் தொடக்கக் கட்டத்திலேயே இது நிறுத்தியது. 1998இல், புற்றூக்கி வேதிப்பொருள் கொடுத்த எலிகளின் குடலில் புற்றுக்கு முந்திய மாற்றப் புள்ளிகளைக் குறைத்தது. அதே சோதனையில் லூட்டின் என்ற மஞ்சள் நிறமியும் குறைத்தது. லூட்டின் முருங்கைக்கீரையிலேயே நிறைய உண்டு என்பதைக் கடற்பாசி வியாபாரிகள் சொல்வதில்லை.

சறுக்கும் இடம் அளவு. கோம்புச் சாற்றின் வழியே 31 மில்லிகிராம் ஃபியூகோசாந்தினை ஒரே தடவையில் மனிதர்களுக்குக் கொடுத்து அளந்தபோது, இரத்தத்தில் ஃபியூகோசாந்தினால் உச்சமாக எட்டியது சுமார் 44 நானோமோலார் (0.044 மைக்ரோமோலார்), அதுவும் நான்கு மணி நேரம் கழித்து. ஆய்வகத் தட்டில் வேலைசெய்த அளவு இதைவிட ஐந்நூறு மடங்குக்கும் மேல். நுரையீரல், மார்பகம் போன்ற உறுப்புகளைப் பற்றிப் பேசினால் இதோடு கதை முடிந்தது. பெருங்குடல் மட்டும் விதிவிலக்கு. இரத்தத்தில் ஏறாத மிச்சம் குடல் வழியேதான் போகிறது, உட்சுவரின் செல்கள் அதை நேரடியாகத் தொடும். மற்ற உறுப்புகளுக்குக் குறையாக இருக்கும் மந்தமான உறிஞ்சுதல் இங்கே கைகொடுக்கக்கூடும். ஆனால் ஃபியூகோசாந்தின் கொடுத்தவர்களுக்குக் குடல் புற்று குறைந்தது என்று காட்டிய மனிதச் சோதனை இல்லை.

பச்சையத்தின் கணக்கு வேறு. சிவப்பு இறைச்சியிலுள்ள ஹீம் என்ற இரும்புச் சேர்மம் குடல் உட்சுவரை அரித்து, செல்களை வேகமாகப் பெருகவைக்கிறது. எலிகளில் இதைப் பசலை வகைக் கீரையின் இயற்கைப் பச்சையம் தடுத்தது, பச்சையத்தை மாற்றிச் செய்யும் குளோரோஃபிலின் தடுக்கவில்லை. கடைகளில் ‘திரவப் பச்சையம்’ என்று விற்கும் சொட்டு பெரும்பாலும் இந்தக் குளோரோஃபிலின்தான். இலையாகச் சாப்பிடுவதே சரி. அதற்குக் கடற்பாசிதான் வேண்டும் என்றில்லை.

பாசிகளிலும் இருக்கும் ஆரஞ்சு நிறமியான பீட்டா கரோட்டின் ஒன்றுதான் மனிதர்களிடம் முறையாகச் சோதிக்கப்பட்டது, அதிலேயே விழுந்தது. 1994இல் வெளியான அமெரிக்கச் சோதனையில், பாலிப் (குடல் சுவரில் வளரும், புற்றாக மாறக்கூடிய சிறு கட்டி) அகற்றப்பட்ட 864 பேரைச் சேர்த்து நான்கு ஆண்டு பார்த்தார்கள். தினம் 25 மில்லிகிராம் கொடுத்தும் புதிய பாலிப் வருவது குறையவில்லை. அதே ஆண்டு ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த சோதனை முடிவில், தினம் 20 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடியது. உப்பளப் பாத்திகளைச் சிவக்கவைக்கும் டுனாலியெல்லா என்ற நுண்பாசியிலிருந்து எடுத்த ‘இயற்கை’ பீட்டா கரோட்டின் என்றாலும், புகைபிடிப்பவர் மாத்திரையாக எடுக்கக் கூடாது.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமென்றால்: குடல் புற்று வாய்ப்பைக் கூட்டும் லிஞ்ச் என்ற மரபுவழி நோய்க்கூறு உள்ள 861 பேரிடம், தினம் 600 மில்லிகிராம் ஆஸ்பிரின் நீண்ட கால நோக்கில் குடல் புற்றைக் குறைத்தது. குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியில் பாலிப்பை வெட்டியெடுப்பதும் மனிதர்களிடம் நிரூபணமானது. எந்தப் பாசி நிறமியும் இந்த வரிசையில் நிற்கவில்லை. மலத்தில் இரத்தம் கண்டவர் பாசிக் காப்ஸ்யூலோடு காலம் தள்ளுவது ஆபத்து.

இருந்தும் வாங்குவதென்றால் லேபிளைக் கவனமாகப் படியுங்கள். ‘ஃபியூகோய்டான்’ நிறமியே அல்ல, அது பாசியின் வழவழப்பான சர்க்கரைச் சங்கிலி. பெயர் ஒத்திருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள். ‘5% சாறு, 200 மில்லிகிராம்’ என்றிருந்தால் நிறமி 10 மில்லிகிராம்தான். ஃபியூகோசாந்தின் வெளிச்சத்திலும் காற்றிலும் கெடும். கடற்கரை மணலில் வெயிலில் காய்ந்த பாசியைவிட நிழலில் காய்ந்ததில் அதிகம் மிஞ்சும். கண்ணாடிப் புட்டி என்றால் கருநிறமாக இருக்கட்டும்.

சமையலில் பெரிய கண்ணி அயோடின். ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும். உலர்ந்த கோம்பு ஒரே கிராமில் ஆயிரத்தைத் தாண்டிவிடக்கூடும். தைராய்டு கோளாறு உள்ளவர் அதைத் தொடாமலிருப்பதே நல்லது. மற்றவர்கள் கோம்பைக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு அந்த நீரைக் கொட்டிவிடலாம். அயோடினின் பெரும்பகுதி நீரோடு போகும், நிறமி நீரில் கரையாததால் பெரும்பாலும் இலையில் தங்கும். பிறகு ஒரு கரண்டி நல்லெண்ணெயில் வதக்கினால் இலையின் பிடியிலிருந்து நிறமி எளிதாக விடுபடும். சர்காசம் குடும்பத்து ஹிஜிகியை மட்டும் எந்த முறையிலும் சமைக்க வேண்டாம். அதில் கனிம ஆர்சனிக் அதிகம் என்று பிரிட்டனின் உணவுத் தர முகமை 2004இலேயே எச்சரித்துவிட்டது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவர்கள் நோரியையோ வகாமேயையோ திடீரென்று அதிகமாக்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. அவற்றிலுள்ள வைட்டமின் கே மருந்தின் அளவோடு மோதும்.