அங்கோர்வாட், சிகிரியா, பெட்ரா: மதுரைக்காரர் முதலில் எங்கே போகலாம்?

வெளிநாட்டில் ஒரு பெரிய இடத்தைப் பார்க்க வேண்டும், கட்டடமும் இருக்க வேண்டும், மலையோ காடோ கூடவே இருக்க வேண்டும், செலவும் கைக்கு அடங்க வேண்டும். மதுரைப் பக்கம் இப்படிக் கேட்பவர்களுக்கு நான் மூன்று இடங்களைச் சொல்வேன்: இலங்கையின் சிகிரியா, கம்போடியாவின் அங்கோர்வாட், ஜோர்டானின் பெட்ரா. மூன்றும் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை. இவற்றில் எதற்கு முதலில் காசு சேர்ப்பது என்பதற்குப் பொதுவான பயணப் பட்டியல்கள் நமக்கு உதவாது. குன்றையும் குடைவரையையும் கோபுரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழாதவர்களுக்காக எழுதப்பட்டவை அவை. ஒத்தக்கடையைத் தாண்டும்போதெல்லாம் ஆனைமலையைப் பார்க்கிறவரும் ஆடி வீதியில் நடந்து வளர்ந்தவரும் கணக்கை வேறு மாதிரிதான் போட வேண்டும். அப்படிப் போட்டால் என் கணக்கில் அங்கோர்வாட்டுக்குத்தான் முதலிடம்.

போய்வர எளிது சிகிரியாதான். மதுரையிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் உண்டு, பறக்கிற நேரம் ஒரு மணிதான். அங்கிருந்து காரில் நான்கு மணி நேரம். காட்டுக்கு நடுவே 180 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கும் ஒற்றைப் பாறை, ஏறத்தாழ 1,200 படிகள். பாறை மட்டும் என்றால், ஆனைமலையைப் பார்த்த கண்ணுக்குப் பெரிய வியப்பு வராது. பாறையில் செய்த வேலைதான் விஷயம். கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பன் அதன் உச்சியில் அரண்மனை கட்டினான். அடிவாரத்தில் நீர்த்தோட்டம். நிலத்தடிக் குழாய் வழியாக, சரிவின் அழுத்தத்தாலேயே தண்ணீர் பீறிடும்படி செய்த ஊற்றுகள் நல்ல மழைக்காலத்தில் இன்றும் வேலை செய்கின்றன. பாதி உயரத்தில் பெண்களின் ஓவியங்கள். சித்தன்னவாசலில் மங்கிப்போன கோடுகளை உற்று உற்றுப் பார்த்தவர்கள் இங்கே செம்மண் நிறமும் மஞ்சளும் அப்படியே இருப்பதைக் கண்டு நின்றுவிடுவார்கள். அதையொட்டி மெருகேற்றிய சுண்ணச் சுவர் ஒன்று. அதில் 8ஆம் நூற்றாண்டிலிருந்தே பார்க்க வந்தவர்கள் அந்தப் பெண்களைப் பாடிக் கிறுக்கிய சிங்களக் கவிதைகள் இருக்கின்றன.

அந்த அரசனின் கதையும் நம்மூர் ஆட்களுக்குப் பிடிபடும். புதையல் எங்கே என்று கேட்ட மகனிடம் தந்தை தாதுசேனன் தான் கட்டிய கலாவெவ ஏரியைக் காட்டி, இதுதான் என் சொத்து என்றானாம். அதற்காகவே மகன் காசியப்பன் அவனைக் கொன்றதாக இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. கண்மாய்த் தண்ணீரின் அருமை தெரிந்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

குறையும் இருக்கிறது. மூட்டுவலி உள்ளவர்களை அழைத்துப் போக முடியாது. வாசலாக நிற்கும் பெரிய சிங்கப் பாதங்களுக்கு நடுவே தொடங்கும் கடைசிப் படிகள் பாறையை ஒட்டித் தொங்கும் இரும்புப் படிகள். வயதானவர்கள் கீழேயே உட்கார்ந்துவிட்டால் பயணத்தின் பாதி போய்விடும். இன்னொன்று: சிகிரியா மேல் நின்றால் சிகிரியா தெரியாது. அதன் உருவத்தைப் பார்க்கப் பக்கத்திலிருக்கும் பிதுரங்கலப் பாறையில் ஏற வேண்டும். கீழக்குயில்குடி சமணர் மலையில் ஏறி இறங்குகிற பிள்ளைகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இனி அங்கோர்வாட். மதுரையிலிருந்து நேராகப் போக முடியாது. சிங்கப்பூர் வழியாகவோ, திருச்சிக்குப் போய் அங்கிருந்து கோலாலம்பூர் வழியாகவோ, அங்கோருக்குப் பக்கத்து ஊரான சியம் ரீப் போய்ச் சேர வேண்டும். விசாவை இணையத்திலேயே வாங்கிவிடலாம். நுழைவுச் சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62 டாலர். மூன்று நாள் சீட்டையே வாங்குங்கள். அங்கோர் என்பது ஒரு கோயில் இல்லை, 400 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் பழைய தலைநகரப் பகுதி.

மீனாட்சியம்மன் கோயிலில் உயரமெல்லாம் வெளியில். தெற்குக் கோபுரம் 50 மீட்டரைத் தாண்டும். உள்ளே போகப் போகக் கூரை தாழ்ந்து, வெளிச்சம் குறைந்து, சின்னதொரு கருவறையில் போய் நிற்போம். அங்கோர்வாட் இதற்கு நேர் எதிர். 190 மீட்டர் அகல அகழியைக் கடந்து நீண்ட கல்பாதையில் நடந்தால், ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிட உயர்ந்துகொண்டே போய், நடுவே 65 மீட்டர் கோபுரத்தில் முடிகிறது. 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்காக மேற்குப் பார்த்துக் கட்டியது. கருங்கல் பழகிய கைக்கு அந்த மணற்கல் மிருதுவாகத் தெரியும். பால்கடல் கடையும் சிற்பத்தைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். 49 மீட்டர் நீளம். ஒருபக்கம் 92 அசுரர், மறுபக்கம் 88 தேவர் வாசுகியைப் பிடித்து இழுக்கிறார்கள். நடுவில் விஷ்ணு, கீழே ஆமை. மத்துக்குப் பக்கத்தில் உள்ள மீன்களையும் முதலைகளையும் கவனியுங்கள். கடைகிற வேகத்தில் இரண்டாக அறுபட்டுக் கிடக்கின்றன. மத்திலிருந்து தள்ளிப் போகப் போக மீன்கள் முழுசாக நீந்துகின்றன. இதைச் செதுக்கியவர் தண்ணீரின் சுழலை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறார்.

வேறொரு சுவரில் அம்புப் படுக்கையில் பீஷ்மர். இன்னொன்றில் அனுமன் தோளில் நின்று போரிடும் ராமன். வழிகாட்டி இல்லாமலேயே நம் வீட்டுப் பாட்டி பேரப்பிள்ளைக்குக் கதை சொல்லிக்கொண்டே நடக்கலாம். மற்ற நாட்டவருக்குக் கிடைக்காத வசதி இது, நான் இந்த இடத்தை முதலில் வைப்பதற்குப் பெரிய காரணமும் இதுதான். மேற்கு வாசலில் எட்டுக் கை விஷ்ணு சிலை ஒன்று உண்டு. ஊர்க்காரர்கள் அதற்கு இன்றும் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள்.

இயற்கை வேண்டும் என்பவர்கள் தா ப்ரோம் கோயிலுக்குப் போகட்டும். ஏழாம் ஜெயவர்மன் கட்டியது. கூரைமேல் முளைத்த மரங்களின் வேர் சுவரைப் பிளந்தபடியே தாங்கியும் நிற்கிறது. அதன் சீரமைப்பில் நம் இந்தியத் தொல்லியல் துறையும் பங்கெடுத்திருக்கிறது. அப்புறம் மேற்கு பாராய் ஏரி. நம் வண்டியூர்த் தெப்பக்குளம் ஒரு பக்கத்துக்குச் சுமார் 300 மீட்டர். இந்த ஏரி 8 கிலோமீட்டர் நீளம், 2 கிலோமீட்டர் அகலம், எல்லாம் மனிதர் கரை கட்டி உண்டாக்கியது.

சூரிய உதயக் கூட்டத்தில் இடிபட வேண்டாம். மேற்குப் பார்த்த கோயில் என்பதால் முகப்பில் வெயில் விழுவது பிற்பகலில்தான், அப்போது போங்கள். உச்சித் தளத்தின் படி செங்குத்து. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஏறவிட மாட்டார்கள், தோளும் முட்டியும் மறைய உடுத்தியிருக்க வேண்டும். பெரியவர்கள் ஏறாவிட்டாலும் நஷ்டமில்லை, சிற்பங்கள் எல்லாம் கீழ்ச் சுற்றில்தான். சைவச் சாப்பாட்டுக்காரர்கள் மட்டும் கேட்டுச் சாப்பிட வேண்டும், காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு கலப்பது அங்கே வழக்கம்.

மலையைக் குடைந்த பழைய நகரமான பெட்ரா மூன்றில் தொலைவும் அதிகம், செலவும் அதிகம். துபாய் வழியாக அம்மான், பிறகு சாலையில் மூன்று மணி நேரம். நுழைவு மட்டுமே 50 தினார். மூன்று இரவாவது தங்குவதாக இருந்தால் 70 தினாருக்கு ஜோர்டான் பாஸ் வாங்குங்கள், விசாக் கட்டணமும் அதில் அடங்கிவிடும். 1.2 கிலோமீட்டர் குறுகலான பாறை இடுக்கில் நடந்து வெளியே வந்தால் சுமார் 40 மீட்டர் உயர முகப்பு, மலையிலேயே வெட்டியது. பிரமிப்புதான், மறுக்கவில்லை. ஆனால் கழுகுமலை வெட்டுவான் கோயிலைப் பார்த்தவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். இரண்டுமே மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டு வந்தவை. கழுகுமலையில் கீழ்ப்பகுதி முடியாமல் நிற்கிறது, பெட்ராவிலும் அப்படிப் பாதியில் விட்ட கல்லறை ஒன்று உண்டு. அளவில் பெட்ராவுக்கு ஈடில்லை. சிற்ப நுணுக்கத்தில் நம் 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலைதான் மேல் என்பேன். பெட்ராவின் முகப்புக்குப் பின்னால் பெரும்பாலும் வெறும் அறைதான். என்னைக் கட்டிப்போட்டது இடுக்கின் ஓரத்தில் ஓடும் வாய்க்கால். ஆண்டுக்கு 150 மில்லிமீட்டர் அளவுக்கே மழை பெய்யும் ஊரில், அந்த நகரை உருவாக்கிய நபடேயர் என்ற பழைய மக்கள் அணை கட்டி, வெள்ளத்தைச் சுரங்கத்தில் திருப்பி, சுட்ட மண்குழாயில் குடிநீர் கொண்டுவந்திருக்கிறார்கள்.

எந்த மாதம் போவது என்பதுதான் பாக்கி. முழுஆண்டு விடுமுறையில் அங்கோர் வேண்டாம், ஏப்ரலில் அங்கேயும் வெயில் கொளுத்தும். நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் நல்லது, அரையாண்டு விடுமுறை சரியாகப் பொருந்தும். பள்ளி மூடிய ஏப்ரலில் போவதென்றால் பெட்ரா. சிகிரியாவுக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை, காலையில் வாசல் திறந்ததும் ஏறிவிட வேண்டும். வீட்டில் நடக்கக்கூடிய தாத்தா பாட்டி இருந்தால், வருகிற டிசம்பருக்கே சியம் ரீப் டிக்கெட்டைப் பாருங்கள், மற்ற இரண்டும் காத்திருக்கும்.