ஹைன்கல் 113: இல்லாத விமானத்தின் படத்தொகுப்பு

இணையக் கடையொன்றில் நான் வாங்கிய ஹைன்கல் 113 படத்தொகுப்பு, போர்க்காலப் பிரசாரம் இயங்கிய விதத்தைக் கண்முன் நிறுத்துகிறது. சுமார் பன்னிரண்டே தயாராகி, விமானப்படையில் முறையாகச் சேர்க்கப்படாமலே போன ஹைன்கல் 100 டி-1 விமானங்களுக்கு, 1940இல் போலிப் படைப்பிரிவுச் சின்னங்களை மாற்றி மாற்றித் தீட்டிப் படமெடுத்து, ஹைன்கல் 113 என்னும் புதிய போர் விமானமொன்று களமிறங்கிவிட்டதாக ஜெர்மனி காட்டிக்கொண்டது. பிரிட்டன் விமானிகள் சிலர் வானில் அதனை எதிர்கொண்டதாகவே அறிக்கையும் அளித்தனர். வரிசையாக நிற்கும் விமானங்களின் பக்கவாட்டுச் சின்னங்கள் இந்த அச்சில் துல்லியமாகத் தெரிகின்றன; பளபளப்பில்லாத தாள் என்பதால் விளக்கொளியும் கண்ணைக் கூசச் செய்வதில்லை. ஆனால், பின்புறக் குறிப்பு இவற்றை உண்மையான படைப்பிரிவின் விமானங்கள் என்றே சொல்வது பெரும்பிழை. படங்களுக்காகத் தாராளமாக வாங்கலாம். குறிப்பைத் திருத்துமாறு கடைக்கு எழுதியிருக்கிறேன்.