மெஷினா, வயிற்றுப் பையா? கொழும்பில் டயலிசிஸ் தெரிவு

சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர் 20 இற்குக் கீழே இறங்கியதும், சிறுநீரகத்துக்குப் பதிலாகக் கழிவையும் மிகை நீரையும் எடுக்கும் டயலிசிஸைப் பற்றிச் சொந்தக்காரர் ஆளுக்கொரு புத்தி சொல்லத் தொடங்குவார்கள். மெஷினில் போட்டால் ஆள் உருக்குலைந்து போவார் என்பார் ஒருவர். வயிற்றில் குழாய் வைத்தால் கிருமி பிடிக்கும் என்பார் இன்னொருவர். ஆயுள் கணக்கில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இடம் இருக்கிறதா, கையில் நல்ல நாளம் இருக்கிறதா, இன்னும் எவ்வளவு சிறுநீர் போகிறது, காலி வீதி நெரிசலில் வாரத்தில் எத்தனை தரம் அலைய முடியும் என்பவைதான் முடிவைத் தீர்மானிக்க வேண்டும்.

எங்கள் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நாளுக்கு அரை லீற்றருக்கு மேல் சிறுநீர் போகிற, வயிற்றில் பெரிய ஒப்பரேஷன் எதுவும் செய்யாத, ஒரு சுத்தமான அறை ஒதுக்கக்கூடியவர் வயிற்று டயலிசிஸில் தொடங்குவது நல்லது. மிச்சமிருக்கும் சிறுநீரக வேலையை அது கொஞ்சக் காலம் கூடுதலாகக் காப்பாற்றித் தரும். சிறுநீர் வற்றியபின் மெஷினுக்கு மாறிக்கொள்ளலாம். ஆனால் அடிக்கடி நடப்பது வேறு: கடைசிவரை தள்ளிப்போட்டு, மூச்சு முட்டி இரவோடிரவாக வார்டுக்கு வந்து, கழுத்து நாளத்தில் குழாய் ஏற்றி, மெஷினில் தொடங்கி அதிலேயே இருந்துவிடுவது.

மெஷின் டயலிசிஸ் வழமையாக வாரம் மூன்று நாள், தடவைக்கு நான்கு மணித்தியாலம். இட நெருக்கடியால் வாரம் இரண்டோடு சமாளிப்பவர்களும் உண்டு. வெள்ளவத்தையிலிருந்து மாளிகாவத்தைச் சிறுநீரக வைத்தியசாலைக்கோ தேசிய வைத்தியசாலைக்கோ போய், காத்திருந்து, முடிந்ததும் ஊசித் துளையில் இரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடித்து வீடு திரும்பினால் அந்தப் பகல் சரி. மற்ற நாட்களில் வீட்டில் ஒரு வேலையும் இல்லை. ஊசி, குழாய், அளவு எல்லாவற்றையும் தாதிமார் பார்த்துக்கொள்வார்கள். தனியாக வாழ்பவர்களுக்கும் கண் மங்கியவர்களுக்கும் இது பெரிய ஆறுதல்.

மெஷினில் சிக்கல் வருவது பெரும்பாலும் தண்ணீரால். இரண்டு மூன்று நாள் சேர்ந்ததை நான்கு மணித்தியாலத்தில் இழுத்தெடுக்க வேண்டும். மணித்தியாலத்துக்கு, உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 13 மில்லிலீற்றருக்கு மேல் எடுத்தால் இருதயம் தாங்காது என்பது பொதுவான வரம்பு. 60 கிலோ ஆளுக்கு அது ஒரு தடவைக்கு ஏறக்குறைய 3 லீற்றர். நாலரைக் கிலோ ஏறி வந்தால் பிரஷர் விழும், கெண்டைக்கால் இழுக்கும், தலை சுற்றும். அதனால்தான் முதல் நாள் போன சிறுநீரின் அளவோடு 500 மில்லிலீற்றர் மட்டும் கூட்டி நீராகாரத்தைக் கணக்கிடச் சொல்கிறார்கள். தேத்தண்ணீர், சொதி, கஞ்சி எல்லாம் அந்தக் கணக்குக்குள் வரும். தாகத்தைக் கூட்டுவது உப்பு. கருவாடு, அப்பளம், ஊறுகாய், மாசிச் சம்பல் குறையாமல் தண்ணீரை மட்டும் குறைக்கப் பார்ப்பவர் தோற்றுத்தான் போவார்.

அடுத்தது பொட்டாசியம். அது இரத்தத்தில் ஏறிவிடுவதால் டயலிசிஸ் இல்லாத இரண்டு நாள் இடைவெளிதான் இருதயத்துக்கு ஆபத்தானது. அந்த நாட்களில் தெம்பிலி, வாழைப்பழம், இலைக்கஞ்சி வேண்டாம். மரக்கறியைச் சின்னதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைக்க வேண்டும். காமரங்காவை (நட்சத்திரப் பழம்) எந்த டயலிசிஸ்காரரும் தொடக்கூடாது. அதிலுள்ள நச்சை வெளியேற்றச் சிறுநீரகம் இல்லாததால் மூளை பாதிக்கப்படும். நிற்காத விக்கல் அதன் முதல் அறிகுறி.

வயிற்று டயலிசிஸில் மெஷின் இல்லை, ஊசியும் இல்லை. தொப்புளுக்குப் பக்கத்தில் மெல்லிய குழாய் ஒன்று நிரந்தரமாக இருக்கும். போட்டபின் காயம் ஆற இரண்டு கிழமை விட்டுத் தொடங்குவார்கள். 2 லீற்றர் திரவத்தை வயிற்றுக்குள் விட்டு நாலைந்து மணித்தியாலம் வைத்திருந்து வெளியே எடுப்பது. பொதுவாக நாளுக்கு நான்கு தரம், தடவைக்கு அரை மணித்தியாலம்.

அந்த அரை மணித்தியாலத்தில்தான் எல்லாம் இருக்கிறது. யன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, பூனையை வெளியே விட வேண்டும். மேசையைத் துடைத்து, மாஸ்க் போட்டு, புதுப் பையின் திகதி, செறிவு, கசிவு மூன்றையும் பார்க்க வேண்டும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்தபின்தான் மூடியைக் கழற்றலாம். பழைய திரவம் முழுதாக வடிய இருபது நிமிடம் வரை எடுக்கும். பிறகு புதுத் திரவத்தில் கொஞ்சத்தை வடிகால் பைக்கே விட்டுக் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றிவிட்டு, மிச்சத்தை வயிற்றுக்குள் விட்டு, புது மூடி போட வேண்டும். வடிந்த பையை நிறுத்து, எத்தனை கிராம் கூட வந்தது என்று கொப்பியில் எழுத வேண்டும். பையைச் சுடுதண்ணீரிலோ மைக்ரோவேவிலோ சூடாக்கக் கூடாது. ஈரம் இணைப்பு வழியாகக் கிருமியைக் கொண்டுவரும், மைக்ரோவேவ் ஒரு பக்கத்தை மட்டும் கொதிக்க வைக்கும்.

கிருமி புகுந்தால் வடியும் திரவம் கலங்கும். தெளிந்திருந்தால் பையினூடாகப் பத்திரிகை எழுத்தை வாசிக்கலாம். கலங்கினால் வாசிக்க முடியாது. வயிற்று வலியோ காய்ச்சலோ வரும்வரை பார்த்திருக்க வேண்டாம். அந்தப் பையைக் கையோடு எடுத்துக்கொண்டு அன்றைக்கே போக வேண்டும். நேரத்துக்குப் போனால் அன்டிபயோட்டிக்கைத் திரவத்தோடு வயிற்றுக்குள்ளேயே விட்டுப் பெரும்பாலும் குணமாக்கிவிடுவார்கள். இரண்டு நாள் தாமதித்தால் குழாயைக் கழற்ற வேண்டி வரலாம். திரவம் கலங்காமல் வடியமட்டும் மாட்டேன் என்றால் பழி பெரும்பாலும் மலச்சிக்கலில். குடல் வீங்கிக் குழாயை நகர்த்திவிடும்.

சாப்பாட்டில் வயிற்று டயலிசிஸ்காரருக்குக் கட்டுப்பாடு குறைவு. பொட்டாசியம் குறைந்து, வாழைப்பழம் சாப்பிடச் சொல்லும் நிலைமைகூட வரும். ஆனால் திரவத்தோடு நாளுக்கு 5 முதல் 10 கிராம் புரதம் வெளியே போகிறது. மீன், முட்டை வெள்ளைக்கரு கூட்ட வேண்டும். திரவத்தில் குளுக்கோஸ் இருப்பதால் சீனி வருத்தக்காரருக்கு இன்சுலின் அளவு கூடும், நிறையும் ஏறும். சிறுநீரகம் பழுதானதற்கு சீனி வருத்தமே காரணமாக இருக்கும் பலருக்கு இது சின்ன விஷயமில்லை.

வயிற்று டயலிசிஸ் பைகளுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மாதம் 120 பை, 240 லீற்றர், கால் தொன் பாரம். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி அனெக்ஸில் அதை யார் தூக்குவது, வெயிலும் எலியும் படாமல் எங்கே அடுக்குவது? பை வீட்டுக்கு வருமா, நாமே போய் எடுக்க வேண்டுமா என்பதைக் கிளினிக்கில் குழாய் போடுவதற்கு முன்பே கேளுங்கள். ஆனால் 2022 எரிபொருள் தட்டுப்பாடு போல ஒன்று வந்தால் வயிற்று டயலிசிஸ்காரர் வாரம் மூன்று முறை வீதியில் இறங்கத் தேவையில்லை, மின்வெட்டிலும் பை மாற்றலாம். பைகள் கையிருப்பில் இருக்கும்வரை. நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போக நினைத்தால் பைகளை ஏற்றிக்கொண்டு போகலாம். மெஷின்காரர் அங்கே முன்கூட்டியே இடம் ஒழுங்கு செய்யாமல் புறப்படக் கூடாது.

சரிசெய்ய முடியாத ஹேர்னியா (குடலிறக்கம்), ஒப்பரேஷன்களால் ஒட்டிப்போன குடல், மிகப் பெரிதாக வீங்கிய நீர்க்கட்டிச் சிறுநீரகம், கை நடுக்கத்தோடு உதவிக்கு ஆளில்லாத நிலை ஆகியவை இருந்தால் மெஷின்தான்.

எந்தப் பக்கம் போனாலும், மெஷின் ஊசி ஏற்றுவதற்காகக் கையில் செய்யும் இணைப்பான ஃபிஸ்டுலாவை மறக்க வேண்டாம். மணிக்கட்டில் நாடியையும் நாளத்தையும் இணைத்தபின் அது முதிர ஆறு கிழமை முதல் மூன்று மாதம் எடுக்கும். நிமிடத்துக்கு 600 மில்லிலீற்றர் ஓட்டம், 6 மில்லிமீற்றர் விட்டம், தோலுக்குக் கீழே 6 மில்லிமீற்றருக்குள் ஆழம் என்பது பழகிய அளவுகோல். கழுத்துக் குழாயைவிட ஃபிஸ்டுலாவில் தொற்று மிகக் குறைவு. காலையில் விரல் வைத்தால் அதிர்வு தெரிய வேண்டும். நின்றிருந்தால் உடனே வைத்தியசாலைக்கு. அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ இரத்தம் எடுக்கவோ விடாதீர்கள். ஃபிஸ்டுலா இன்னும் போடவில்லை என்றாலும் எழுதாத கையின் நாளங்களைக் காப்பாற்றுங்கள். டெங்குக் காய்ச்சலுக்கு வார்டில் படுத்தால்கூட, கனுலா ஏற்ற வருகிற தாதியிடம் "மிஸ், கிட்னி வருத்தம் இருக்கு, புறங்கையில போடுங்கோ" என்று சொல்லிவிடுங்கள்.